8.7 இன்ச் டேப்ல தமிழ் எழுத்து தெளிவா தெரியுமுங்களா? அப்பாவுக்கு வாங்கறதுக்கு

வாய்க்கால்மேடு (ஈரோடு)

வணக்கமுங்க எல்லாருக்கும். ரெண்டு வாரமா இதே யோசனையா இருக்குது, முடிவு பண்ண முடியல, அதனால இங்க கேக்கறேன்.

அப்பாவுக்கு 68 வயசு, ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். நாள் பூரா படிக்கறதுதான் வேலை. இப்ப போன்லதான் படிக்கறார், எழுத்தைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணி ஒரு ஸ்க்ரீனுக்கு நாலு வரிதான் வருது, தள்ளித் தள்ளியே விரல் தேஞ்சு போச்சுன்றார். சித்தப்பா வீட்டுல 11 இன்ச் டேப் ஒண்ணு இருக்குது (கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ்), அதைக் குடுத்துப் பார்த்தோம், நல்லாத்தான் இருக்குதுன்னார், ஆனா அரைக்கிலோ கனம். அவர் ஈஸி சேர்ல சாஞ்சுட்டு ஒத்தைக் கையில புடிச்சுத்தான் படிப்பார், பத்து நிமிஷத்துல மணிக்கட்டு வலிக்குதுன்னு வச்சுட்டார்.

அதனால சின்னதா பார்த்ததுல கேலக்ஸி டேப் ஏ9, 8.7 இன்ச், 332 கிராம்தான். பட்ஜெட் 15 ஆயிரத்துக்குள்ள. பிரச்சினை என்னன்னா ஸ்க்ரீன் 1340க்கு 800. கணக்குப் போட்டா 179 பிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் புள்ளிங்கறது) வருது. என் போன் 390க்கு மேல. யூடியூப்ல ஒருத்தர் இந்த மாதிரி ஸ்க்ரீனைப் பார்த்துட்டு புள்ளி புள்ளியா தெரியுது வாங்காதீங்கன்றார், மச்சான் என்னடான்னா அதெல்லாம் வயசானவங்களுக்கு ஒண்ணும் தெரியாது வாங்குங்க மாமான்றான். ரெண்டு பேருமே இங்கிலீஷ்தான் படிச்சுக் காட்டறாங்க. தமிழ் எழுத்துக்கு எப்படி இருக்கும்னு யாருமே சொல்லல.

அவர் படிக்கறது மூணு வகை. ஒண்ணு பேப்பர், அதாவது இ-பேப்பர், பக்கம் பக்கமா வருமே அது. ரெண்டாவது தமிழ் இணையக் கல்விக்கழகம் நூலகத்துல இருந்து எறக்கின பழைய ஸ்கேன் பிடிஎஃப், நூத்துக்கணக்குல வச்சிருக்கார். மூணாவது ஈபப் புத்தகங்க. சாயங்காலம் ஆச்சுன்னா எம்பொண்ணு (எட்டாவது) புடுங்கிக்குவா, அதையும் சேத்துக்கோங்க. வச்சிருக்கறவங்க சொல்லுங்க, இந்த 179 போதுமுங்களா?

---

பழைய இரும்பு

இந்தச் சண்டை புதுசில்ல சார், 2012ல இருந்தே நடக்குது. அப்பதான் முதல் ஐபேட் மினி வந்துச்சு, 7.9 இன்ச், 1024க்கு 768, அதாவது 163 பிபிஐ. உங்க டேப்பை விடக் கம்மி. அதே வருஷம் மார்ச்ல வந்த பெரிய ஐபேட் 264. நெக்சஸ் 7 வெறும் 199 டாலர், அது 216. மினி 329 டாலர். காசும் ஜாஸ்தி, தெளிவும் கம்மி, எழுதினவங்க எல்லாம் கிழிகிழின்னு கிழிச்சாங்க.

ஏன் 1024க்கு 768ன்னா ஐபேட் 2ல இருந்த அதே எண்ணிக்கை, அதனால ஏற்கெனவே இருந்த ஆப் எல்லாம் ஒண்ணும் மாத்தாம அப்படியே ஓடும். ஸ்டீவ் ஜாப்ஸ் 2010லயே 7 இன்ச் டேப் எல்லாம் வெளங்காது, விரலை உப்புத்தாள் போட்டுத் தேச்சாத்தான் தொட முடியும்ங்கிற மாதிரி கிண்டல் பண்ணியிருந்தார், அவர் போனப்புறம் அவங்களே எறக்குனாங்க. எறக்குன மூணு நாள்ல மினியும் அப்ப வந்த நாலாவது ஐபேடும் சேர்த்து 30 லட்சம் போச்சுன்னு ஆப்பிளே அறிவிச்சது. ஆக வாங்குனவனுக்கு அது போதும்னுதான் பட்டிருக்கு.

நான் அதை அஞ்சு வருஷம் வச்சிருந்தேன். முதல் வாரம் எழுத்து ஓரம் எல்லாம் பிசிறு பிசிறா தெரிஞ்சுது, அப்புறம் மறந்தே போச்சு. 2013 கடைசியில மினி 2 வந்துச்சு, 2048க்கு 1536, 326 பிபிஐ. அதைக் கடையில கையில எடுத்துப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்து என் மினியைத் தொறந்தா, கண்ணாடி தொடைக்காம போட்ட மாதிரி இருந்துச்சு. அதனால என் யோசனை, வாங்குறதுன்னா வாங்குங்க, ஆனா வாங்குன அப்புறம் அதை விட நல்லதைப் பக்கத்துல வச்சுப் பார்க்காதீங்க :)

---

டெசிபல் (சென்னை)

ப்ரோ கோவிச்சுக்காதீங்க, ஆனா இந்த மாதிரி "போதும் போதும்"னு சொல்லிச் சொல்லியேதான் கம்பெனிக்காரன் நம்ம தலையில கட்டுறான். 2013ல ரெண்டாவது நெக்சஸ் 7 வந்துச்சு, 7 இன்ச்ல 1920க்கு 1200, 323 பிபிஐ, விலை 229 டாலர். இத்தனை வருஷம் கழிச்சு சின்ன டேப் வாங்கப் போனா டேப் ஏ9னாலும் 800, ரெட்மி பேட் எஸ்இ 8.7னாலும் 800, லெனோவா எம்8னாலும் 800. உங்க போனே அகலத்துல 1080 பிக்சல் இருக்கும் ப்ரோ, டேப் அகலம் 800. போனை விடப் பெரிய ஸ்க்ரீன்ல போனை விடக் கம்மி பிக்சல், யோசிச்சுப் பாருங்க. நல்ல ஸ்க்ரீன் வேணும்னா ஐபேட் மினிக்குப் போ, கிட்டத்தட்ட 50 ஆயிரம் எடுத்து வைன்றான். நடுவுல எதுவும் என் கண்ணுல படல.

நான் வாங்க மாட்டேன்.

---

பழைய இரும்பு

நீ வாங்காத தம்பி, அவரு அவங்க அப்பாவுக்குல்ல கேக்குறாரு. பிக்சல் ஏத்துனா சும்மா வராது. 2012 பெரிய ஐபேட்ல பிக்சலை நாலு மடங்கு ஆக்குனதுக்கு பேட்டரி 25 வாட் அவர்ல இருந்து 42.5 ஆச்சு, ஒடம்பும் 8.8 மில்லிமீட்டர்ல இருந்து 9.4 ஆச்சு, கனமும் கூடிச்சு. கனம்தான் அவருக்குப் பிரச்சினையே.

---

டெசிபல் (சென்னை)

அது 2012 கதை அண்ணே. இப்ப ஐபேட் மினி 300 கிராம்கூட இல்ல, 326 பிபிஐ. கனம் எல்லாம் சாக்கு. காசு மிச்சம் பண்றான் அவ்ளோதான். சரி, கேட்டவருக்கு உதவாத சண்டை, நிறுத்திக்கறேன்.

---

மூக்குக்கண்ணாடி (மதுரை)

நான் கண்ணாடிக்கடையில 14 வருசமா பவர் செக் பண்றவன், அதனால வேற பக்கம் இருந்து சொல்றேன். பிபிஐ எவ்வளவுன்னு மட்டும் பாத்தா பாதிக் கதைதான். எம்புட்டு தூரத்துல வச்சுப் படிக்கிறாருன்றது மீதிப் பாதி.

போர்டுல கடைசிக்கு முந்தின வரிய 6/6னு சொல்றோம்ல, அந்தக் கண்ணு ஒரு டிகிரியில 60ல ஒரு பங்கு வரைக்கும் ரெண்டு கோட்டைப் பிரிச்சுப் பாக்கும். அதை வச்சுக் கணக்குப் போட்டா 30 சென்டிமீட்டர்ல புடிச்சா 290 பிபிஐ கிட்ட இருந்தாத்தான் புள்ளி தெரியாது. 40 சென்டிமீட்டர்னா 218 போதும். 50 சென்டிமீட்டர் தள்ளிப் புடிச்சா 175 போதும். உங்க டேப்பு 179, அதாவது 48, 49 சென்டிமீட்டர் தள்ளி வச்சா 6/6 கண்ணுக்கே புள்ளி தெரியாது.

இப்ப உங்க அப்பாவுக்கு வருவோம். 68 வயசு, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருப்பாரு, பக்கத்துல படிக்கிறதுக்குக் கூட்டுற பவர் அநேகமா 2.50 இருக்கும். 2.50னா அது 40 சென்டிமீட்டருக்குன்னு செஞ்ச கண்ணாடி, 100ஐ 2.5 ஆல வகுத்துப் பாருங்க. அதுக்கு ரொம்பக் கிட்ட கொண்டுவந்தா மங்கலாத்தான் தெரியும், அதனால அவரே கையை நீட்டித்தான் புடிப்பாரு. அந்த தூரத்துல கணக்குப்படி 179 கொஞ்சம் பத்தாதுதான், ஆனா அந்த வயசுல லேசா புரையோ லென்ஸ் மஞ்சளிப்போ இருந்தா அந்தக் கொஞ்சம் அவருக்குத் தெரியவே தெரியாது. அவருக்கு வேண்டியது எழுத்து பெருசா இருக்கணும், கருப்பு கருப்பா வெள்ளை வெள்ளையா இருக்கணும், லைட்டு ஸ்க்ரீன்ல அடிக்கக் கூடாது.

தெரியப்போறது உங்க மகளுக்குத்தான். எட்டாப்புப் புள்ளைக படுத்துக்கிட்டு மூக்குக்கு முன்னாடி 25 சென்டிமீட்டர்ல வச்சுப் பாக்கும், அங்க 350 பிபிஐ கேக்கும். ஆனா அதுக்குப் பதில் நல்ல ஸ்க்ரீன் வாங்குறது இல்ல, பாப்பாவைத் தள்ளி வச்சுப் பாக்கச் சொல்றது. புண்ணியமாப் போகும், எங்க கடைக்கு அந்த வயசுல வர்ற கூட்டம் வருசா வருசம் ஜாஸ்தியாகிட்டே இருக்கு.

---

சும்மா வந்தேன்

ஆபீஸ்ல 24 இன்ச் மானிட்டர் ஃபுல் எச்டி, அது வெறும் 92 பிபிஐ. பத்து வருஷமா அதுலதான் பொழப்பு ஓடுது, ஒருத்தனும் புள்ளி தெரியுதுன்னு வேலையை விடல.

---

ஒத்துமிகும் (சிவகாசி)

நான் டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டர்ல புத்தகப் பக்கம் கட்டுறது, இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு, பாமினி ஃபாண்ட் காலத்துல இருந்து. கேட்டவர் கேட்டது சரியான கேள்வி, தமிழுக்கு எப்படின்னு. இங்கிலீஷ் எழுத்தை வச்சு ஸ்க்ரீனை எடை போடுறவங்க பேச்சு நமக்கு ஆகாது.

ஏன்னு சொல்றேன். இங்கிலீஷ்ல ஒரு சின்ன எழுத்துக்கு நிக்கிற கோடு ஒண்ணு ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு. நம்ம ண எடுத்துக்குங்க, சுழி ஒண்ணு, அப்புறம் வளைவு வளைவா ஏறி எறங்குது, நிக்கிற கோடே நாலஞ்சு வரும், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல வெள்ளை இருந்தாத்தான் அது ண, இல்லைன்னா கருப்புக் கட்டி. கோட்டுக்கு ஒரு பிக்சல் இடைவெளிக்கு ஒரு பிக்சல்னு கஞ்சத்தனமா போட்டாக்கூட பத்து பிக்சல் அகலம் வேணும். ணை வந்தா ரெண்டு பங்கு. மேல புள்ளி வேற இருக்கு, புள்ளி போச்சுன்னா ண் போய் ண ஆயிடும். அதே அளவுல இங்கிலீஷ் ஜோரா இருக்கும், தமிழ் கொழகொழன்னு இருக்கும். அரசு பாடநூல்ல ஃபுட்நோட் அடிச்சவனுக்கு இது தெரியும்.

இப்ப உங்க அப்பா படிக்கிற மூணையும் தனித்தனியா பார்க்கணும், ஒரே பதில் கிடையாது.

ஈபப்னா கவலையே வேண்டாம். எழுத்தை எம்புட்டுப் பெருசு வேணும்னாலும் ஆக்கிக்கலாம், வரி தானா மடங்கிக்கும். 12, 13 பாயிண்ட் அளவுக்கு வச்சா ஒரு எழுத்துக்கு சுமார் 30 பிக்சல் கிடைக்கும், ண ஞ ஐ எல்லாம் முழுசா தெரியும். ஒரு விஷயம், செட்டிங்ஸ்ல எழுத்தைத் தடிமனாக்குற பட்டன் இருக்கும், அதைப் போட்டுடாதீங்க. பெருசாக்குங்க, தடியாக்காதீங்க. தடியாக்குனா சுழிக்குள்ள இருக்குற வெள்ளை அடைஞ்சுடும்.

ஸ்கேன் பிடிஎஃப்லதான் மாட்டிக்குவீங்க. கணக்கு சொல்றேன், இதுதான் என் தொழிலு. அந்த டேப்பு நிமித்தி வச்சா அகலம் சுமார் 113 மில்லிமீட்டர். ஏ4 பக்கம் 210. ஏ4 பக்கத்தை முழுசா காட்டினா 54 சதவீதமா சுருங்கும். புத்தகத்துல 10 பாயிண்ட்ல அடிச்ச எழுத்து 13 பிக்சல்ல வந்து நிக்கும். அதுலயும் கொம்பு கால் மேல் விலங்குக்கு எல்லாம் இடம் போக எழுத்தோட ஒடம்புக்கு ஆறு ஏழு பிக்சல்தான் மிச்சம். ண அங்க செத்துச்சு. இதைத்தான் அந்த யூடியூப்காரர் பார்த்திருப்பார், தப்பு சொல்ல முடியாது.

ஆனா டேப்பை அப்படியே படுக்க வச்சுத் திருப்புங்க. அகலம் இப்ப 190 மில்லிமீட்டர் ஆயிடும், ஏ4 பக்கம் 90 சதவீதத்துல தெரியும், பாதிப்பாதிப் பக்கமா வரும், அதே 10 பாயிண்ட் எழுத்து 22 பிக்சல். அதே ஸ்க்ரீன்தான், அதே பிபிஐதான், திருப்புனதுல கெடைச்சது. அப்புறம் நல்ல பிடிஎஃப் ஆப்ல மார்ஜினை வெட்டுற வசதி இருக்கும், நாலு பக்க வெள்ளையையும் வெட்டிட்டா நிமித்தி வச்சாலே 13 பிக்சல் 17 ஆகும். பழைய புத்தகங்க பெரும்பாலும் ஏ4 கிடையாது, டெம்மி இல்லைன்னா கிரவுன். டெம்மி அகலம் 14 சென்டிமீட்டர் சொச்சம், அதுல எழுத்து ஓடுற அகலம் பத்து பத்தரை சென்டிமீட்டர்தான். மார்ஜினை வெட்டினா புத்தகத்துல இருக்குற அதே அளவுல, ஏன் ஒரு நூல் பெருசாவே, நிமித்தி வச்சே படிக்கலாம். வாத்தியார் வச்சிருக்குறது பழைய நாவலும் இலக்கிய உரையும்னா அநேகமா இந்த ரெண்டு சைஸ்தான்.

இ-பேப்பர் பத்திச் சொல்லாம விட்டதுக்குக் காரணம் அதுக்கு எந்த டேப்பும் பத்தாது. பேப்பர் ஒரு பக்கம் அகலம் 33 சென்டிமீட்டருக்கு மேல, அதை 11 சென்டிமீட்டர்ல காட்டினா தலைப்பைத் தவிர ஒண்ணும் தெரியாது, 326 இருந்தாலும் தெரியாது. செய்தியைத் தட்டுனா தனியா டெக்ஸ்ட்டா தொறக்குற இ-பேப்பரா பார்த்து வாங்கிக் குடுங்க, இல்லைன்னா ஜூம் பண்ணி இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியதுதான்.

---

பனங்கிழங்கு (யாழ்ப்பாணம்)

மேல சொன்ன அண்ணை சொல்றது முழுக்கச் சரி. நான் நூலகம் எண்ட ஈழத்து இணையத் தளத்தில இருந்து பழைய சஞ்சிகையள் இறக்கி இதே 8.7 இஞ்சியில, டேப் ஏ7 லைட், வாசிக்கிறனான். அதுகும் 1340க்கு 800தான். ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு.

ஒண்டு சேர்க்க வேணும். கனக்க நேரம் பிழை ஸ்க்ரீன்ல இல்லை, ஸ்கேன்லதான். அறுபதாம் எழுபதாம் ஆண்டுச் சஞ்சிகை, பழுத்த தாள், மை ஊறிப்போய்க் கிடக்கும், அதைக் குறைஞ்ச தரத்தில ஸ்கேன் பண்ணி சைஸையும் குறைச்சு ஏத்தி இருப்பினம். அதை என்ர தம்பியின்ர ஐபேட்ல போட்டும் பாத்தனான், வித்தியாசம் இல்லை எண்டே சொல்லலாம், மங்கல் இன்னும் வடிவா மங்கலாத் தெரிஞ்சுது, அவ்வளவுதான். அப்பாவிட்ட இருக்கிற ஃபைல்களில நாலைஞ்சைக் கொம்பியூட்டர்ல திறந்து 200 வீதத்துக்குப் பெருப்பிச்சுப் பாருங்கோ. அதிலயே எழுத்து உடைஞ்சிருந்தால் எந்த டேப் வாங்கியும் பிரயோசனம் இல்லை.

மற்றது, ஸ்கேன் பக்கம் மஞ்சளா இருக்கிறதாலை இந்த டேப்பின்ர வெளிச்சம் காணாமல் போற மாதிரி ஒரு உணர்வு. வெளியில திண்ணையில இருந்து பகலில வாசிக்கேக்க நான் வெளிச்சத்தை முழுசா கூட்டித்தான் வாசிக்கிறன். எனக்கு அதுதான் பெரிய குறை, பிக்சல் இல்லை.

---

ராத்திரி வாசகன்

கிண்டில் (அமேசானோட புத்தகம் படிக்கற கருவி) யோசிச்சீங்களா? 300 பிபிஐ, கனம் கம்மி, கண்ணு வலிக்காது. 2016 டிசம்பர்ல இருந்தே தமிழ்ப் புத்தகம் வருது.

---

ஒத்துமிகும் (சிவகாசி)

ஈபப் மட்டும் படிக்கிறவருக்கு நானும் அதைத்தான் சொல்லுவேன். இவர்கிட்ட நூத்துக்கணக்குல ஸ்கேன் பிடிஎஃப் இருக்கே. 6, 7 இன்ச்ல அதைப் பெருசு பண்ணி இழுத்துப் பார்க்குறது ரெண்டு நாளைக்கு மேல ஓடாது, ஒவ்வொரு தடவை நகர்த்துறப்பயும் ஸ்க்ரீன் மினுக்குனு ஒரு வெட்டு வெட்டும். சாதாரண கிண்டில்ல பேப்பரும் கலர்ல வராது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்ல 6 இன்ச் பிடிஎஃப்னு தனியா போட்டிருப்பாங்க, அது மாதிரி செஞ்சது கிண்டில்ல அழகா உக்காரும், மத்ததெல்லாம் கஷ்டம்.

---

டெசிபல் (சென்னை)

ஒரு டிப்ஸ் மட்டும். கடைக்குப் போனா அவன் ஓட்டி வச்சிருக்குற மீன் நீந்துற வீடியோவைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, அதுல எந்த ஸ்க்ரீனும் அழகாத்தான் இருக்கும். உங்க பிடிஎஃப்பையே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க. பாப்பா வீடியோ பாக்குறதுக்கு 800 பிக்சல்னா 720பி வீடியோ அப்படியே உக்காரும், 1080 போட்டு டேட்டாவை வீணாக்க வேண்டாம். படம் பார்க்குற ஆப் இருந்தா வைட்வைன் (படத்தைக் காப்பி அடிக்காம இருக்கப் போடுற பூட்டு) எல்1 இருக்கான்னு பாருங்க, எல்3னா 480தான் குடுப்பான், அப்ப ஸ்க்ரீன் எவ்ளோ நல்லதா இருந்தும் வேஸ்ட்.

---

வாய்க்கால்மேடு (ஈரோடு)

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கிழமை அப்பாவையும் பொண்ணையும் கூட்டிட்டுக் கடைக்குப் போய்ட்டு வந்தேன், என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன், பின்னாடி தேடி வர்றவங்களுக்கு ஆகும்.

முதல்ல யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன மாதிரி வீட்டுல ஃபைல்களைத் தொறந்து பெருசு பண்ணிப் பார்த்தேன். பத்து எடுத்ததுல மூணு ஸ்கேனே மோசம். அப்பா அந்த மூணையும் பார்த்துட்டு இதையா நான் இத்தனை நாளா என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்னார்.

பென் டிரைவ்ல நாலு ஃபைல் போட்டு எடுத்துட்டுப் போனேன், அதைச் செருகற ஓடிஜி வயரும் நானே கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி டிஸ்ப்ளே பீஸ்ல செருக விடல, வைரஸ் வந்துடுமாம். அப்புறம் அப்பாவே வாத்தியார் குரல்ல ரெண்டு வார்த்தை பேசினார், வைஃபை போட்டுக் குடுத்து எறக்கிக்கச் சொல்லிட்டான். அதே டேபிள்ல ஐபேட் மினியும் இருந்துச்சுங்க, ரெண்டுலயும் ஒரே பக்கம், ஒரு பழைய சிலப்பதிகார உரை, டெம்மி சைஸ், அடிக்குறிப்பு பொடி எழுத்துல வர்றது. வேணும்னே அந்தப் பக்கத்தை எடுத்தேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுட்டு ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தார். மேல இருக்கற உரை ரெண்டுலயும் ஒண்ணுதான்னார். அடிக்குறிப்புல சாம்சங்ல "அணிகலன்"னு இருந்த எடத்துல ண கொஞ்சம் அடைஞ்ச மாதிரி இருக்குதுன்னார், ஆனா எனக்குத்தான் என்ன எழுத்து வரும்னு தெரியுமே, நான் எழுத்துக் கூட்டியா படிக்கறேன்னு கேட்டார். மார்ஜினை வெட்டிக் காட்டினேன், அடிக்குறிப்பும் சரியாப் போச்சு. அப்புறம் படுக்க வச்சுத் திருப்பிக் காட்டினேன், இதை ஏண்டா முதல்லயே சொல்லலன்னார்.

பொண்ணு விடல. ரெண்டையும் மூக்கு முட்டற தூரத்துல வச்சுப் பார்த்துட்டு, இதுல ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்குது, அதுல இல்ல, அதான் வேணும்னு ஒரே புடி. மதுரைக்காரர் சொன்ன கணக்கைக் கடையிலயே நெனச்சுக்கிட்டேன். கையை நீட்டிப் பாருன்னேன், பார்த்துட்டு இப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு ஒத்துக்கிட்டா, ஆனா மூஞ்சி சுருங்கிப் போச்சு.

அப்பா ரெண்டு டேப்லயும் சொன்ன ஒரே குறை வேறயா இருந்துச்சுங்க. கடை ட்யூப்லைட் ரெண்டுலயும் அப்படியே விழுது, எழுத்துக்குப் பின்னாடி என் மண்டைதான் தெரியுதுன்னார். சாஞ்சு உக்கார்ந்தா இன்னும் மோசம், வீட்டுல அவர் ஈஸி சேருக்கு நேர் மேலதான் லைட் இருக்குது.

டேப் ஏ9 தான் வாங்கினேன். நேத்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் படிச்சுட்டு இருந்தார், அம்மா வந்து லைட்டை அணைச்சுட்டுப் போனாங்க, அணைச்சதும் ரிஃப்ளெக்ஷன் போயி இப்பத்தான் நல்லா தெரியுதுன்னு அதுக்கப்புறமும் அரைமணி நேரம் படிச்சாராம்.

கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த ரிஃப்ளெக்ஷனுக்கு மேட் ஸ்க்ரீன் கார்டு ஒட்டினா ஆகுமுங்களா?

---

ஒத்துமிகும் (சிவகாசி)

லைட் அடிக்கிறது கொறையும். ஆனா மேட்ங்கிறது மேல பொடிசா சொரசொரப்பு, அது வழியா எழுத்து வர்றப்ப லேசா மணல் தூவின மாதிரி மினுமினுக்கும், அந்த அடிக்குறிப்பு ண மறுபடியும் அடைஞ்சுக்கும். ஒட்டுறதுக்கு முன்னாடி ஈஸி சேரை ஒரு ரெண்டடி நகர்த்திப் பாருங்க.

---

மூக்குக்கண்ணாடி (மதுரை)

சேரை நகட்டுங்க. அந்த மேட் கார்டு காசை வச்சு பாப்பாவுக்கு ஒரு தடவை கண்ணு செக் பண்ணிருங்க, 25 சென்டிமீட்டர்ல வச்சு படிக்கட்டு தெரியுதுன்னா பக்கத்துல பாக்குறதுல கொறை இல்ல, தூரத்துப் போர்டு எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்.

---

வாய்க்கால்மேடு (ஈரோடு)

சேரை நகத்தியாச்சுங்க. இப்ப ஃபேன் காத்து வர மாட்டேங்குதுன்றார்.